உப்புப் பூத்த மானாவாரி நிலத்தைப் பசுந்தாளாலும் தொழுவுரத்தாலும் மீட்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

நிலத்தில் வெள்ளை பூத்துவிட்டது என்று உரக்கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ஒரு லிட்டர் பாட்டில். உப்பைத் தின்னும் நுண்ணுயிர் என்று சொல்லி விற்பார்கள். சோடியத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர் எதுவும் கிடையாது. அதை இடம்தான் மாற்ற முடியும். இடம் மாற்றுவது மழைத் தண்ணீர். தொழுவுரம், பசுந்தாள் (வளர்த்து அப்படியே மடக்கி உழும் பயிர்), மூடாக்கு (மண்மேல் பரப்பும் தழை, வைக்கோல்), உயிர் உரம் (நுண்ணுயிர் உரம்) எல்லாமே அந்த மழை மண்ணுக்குள் இறங்க வழி திறந்துவிடுபவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை எப்போது போடுவது என்பது தானாக விளங்கும்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 1 ஏக்கருக்கு. மானாவாரிக் காட்டுக்கும், ஒரு போரை (ஆழ்துளைக் கிணற்றை) நம்பி அரை ஏக்கர் தக்காளியோ பூவோ வைக்கும் நிலத்துக்கும் இது பொருந்தும்.

1. உவரா, களரா என்று முதலில் பிரியுங்கள்

இரண்டையும் ‘உப்பு மண்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் வைத்தியம் வேறு வேறு.

உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். வெயில் ஏறினால் மேலே வெள்ளையாகப் பூக்கும், மண் பொலபொலவென்று இருக்கும், மழைத் தண்ணீர் ஓரளவு இறங்கும். கார அமில நிலை (பிஎச்) 8.5-க்குக் கீழே நிற்கும். இதற்குத் தண்ணீரும் வடிகாலும் மூடாக்கும் போதும்.

களர் நிலத்தில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிஎச் 8.5-ஐத் தாண்டும். மழை பெய்தால் வழுக்கும், கலங்கிய தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். காய்ந்தால் ஓடு மாதிரி இறுகி வெடிக்கும். சில இடத்தில் மண்ணின் மக்கு கரைந்து மேலே கருப்பாகப் படியும். இங்கே முதலில் சுண்ணச் சத்து (கால்சியம்) போய் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கழற்ற வேண்டும். பிறகுதான் மழை அதைக் கீழே இறக்கும். இரண்டும் கலந்த களர்-உவர் நிலமும் உண்டு. அதைக் களராகவே வைத்து வேலை செய்யுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை. சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள். கலக்காதீர்கள். கட்டியைச் சுற்றிப் பால் கரைத்ததுபோல் மங்கல் பரவி, மறுநாளும் தெளியாமல் இருந்தால் சோடியம் ஒட்டிய களர். கட்டி உதிர்ந்து தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பெரும்பாலும் களர் இல்லை. போர் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். அதில் உள்ள உப்பு மண்ணைப் படிய வைத்து ஏமாற்றும்.

இன்னொன்றையும் பாருங்கள். உழும்போது சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) வருகிறதா? மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கிறதா? (அமிலத்தைக் கையில் படாமல் கையாளுங்கள்.) நுரைத்தால் சுண்ணாம்பு மண்ணிலேயே இருக்கிறது, கரையாமல் கிடக்கிறது என்று பொருள். பசுந்தாள் பயிரின் வேரும் மட்கும் இலையும் விடும் கரியமில வாயு மண் ஈரத்தில் கரைந்து, இந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அதில் வரும் கால்சியம் சோடியத்தைக் கழற்றும். உயிர்வழிச் சீர்திருத்தம் களர் நிலத்தில் பலிப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். சுண்ணாம்பே இல்லாத செம்மண்ணில் பசுந்தாள் மட்டும் போட்டுக் களரை மாற்றப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) கட்டாயம்.

2. மண்ணையும் தண்ணீரையும் சேர்த்தே சோதியுங்கள்

பிப்ரவரி, மார்ச்சில், நிலம் காய்ந்து கிடக்கும்போது மாதிரி எடுங்கள். அறிக்கை வர நாளாகும். கோடை மழைக்கு முன் கையில் இருக்க வேண்டும்.

ஏக்கருக்கு 10 முதல் 15 இடத்தில், ‘V’ வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை ஓரத்து மண்ணைச் சீராகச் சுரண்டி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிர்ப்பக்கம் இரண்டைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் அரை கிலோ ஆக்குவது வழக்கமான முறை. உப்புக்கு இது போதாது. இரண்டு இடத்திலாவது 0-15, 15-30, 30-60 செ.மீ. என்று மூன்று ஆழத்திலும் தனித்தனிப் பையில் எடுங்கள். உப்பு மேலே நிற்கிறதா, அடியில் நிற்கிறதா என்பது அதில்தான் தெரியும். வெள்ளை பூத்த திட்டையும் நன்றாக விளையும் இடத்தையும் ஒரே பையில் கலந்துவிடாதீர்கள். சராசரி எண் வந்து, இரண்டு இடத்துக்கும் பொருந்தாத பரிந்துரை கிடைக்கும். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மரநிழல் வேண்டாம்.

தண்ணீருக்கு, மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் நிரப்பி, மறுநாளைக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள்.

கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேளுங்கள். மண்வள அட்டையில் வழக்கமாக வரும் 12 காரணிகளில் பிஎச்சும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறனும் (ஈசி) இருக்கும். ஒட்டியிருக்கும் சோடியத்தின் விகிதமும் ஜிப்சம் தேவையும் இருக்காது. பிஎச் 8.5-க்கு மேல் இருந்தால் ‘ஜிப்சம் தேவை, சோடியம் விகிதம், சுண்ணாம்பு நிலை’ மூன்றையும் தனியாகக் கேட்க வேண்டும். தண்ணீரில் ஈசி, எஞ்சிய சோடியம் கார்பனேட் (ஆர்எஸ்சி), சோடியம் ஈர்ப்பு விகிதம் மூன்றும் வேண்டும். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் செய்யாத சோதனைக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரியுங்கள்.

ஈசி எண்ணைப் படிப்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘4-க்கு மேல் போனால் உவர்’ என்று நீங்கள் படித்திருக்கும் எண், மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றுக்கு உரியது. நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றி அளக்கின்றன. அதில் எண் குறைவாகத்தான் வரும். அந்த முறையில் 1-க்குக் கீழே பயமில்லை. 1 முதல் 3 வரை முளைப்பைப் பாதிக்கும். 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர் தாங்காது. எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டு அறிக்கையிலேயே எழுதி வாங்குங்கள்.

தண்ணீரில் ஆர்எஸ்சி 1.25-க்குள் இருந்தால் நல்லது, 2.5-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரே மண்ணைக் களராக்கும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம் என்பது தெரிந்த சங்கதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். புளூரைடு ஏறிய தண்ணீரில் கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்திருப்பது வழக்கம். அதாவது பல்லில் கறை ஏற்றும் கிணறு நிலத்திலும் களர் ஏற்றக்கூடும். ‘எங்கள் போரில் சோப்பு நன்றாக நுரைக்கிறது, நல்ல தண்ணீர்’ என்று நம்பி இருந்துவிடாதீர்கள்; கால்சியம் இல்லாத தண்ணீரில்தான் சோப்பு அப்படி நுரைக்கும். தண்ணீர் கெட்டதாக இருந்து அதையே பாய்ச்சிக்கொண்டிருந்தால், கீழே சொல்லும் எதுவும் நிலைக்காது.

3. மானியத்துக்கான தாள்களை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்

சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட நடப்பாண்டு அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், இரண்டு புகைப்படம், மண் ஆய்வறிக்கை. சிறு, குறு விவசாயி என்றால் வட்டாட்சியர் சான்று. விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் இன்னும் வாங்கவில்லை என்றால் அதையும் முடித்துவிடுங்கள். மானியத்துக்கு இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பட்டா தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் இங்கேதான் மாதக்கணக்கில் இழுக்கும். மண் மாதிரி கொடுத்த அன்றே அந்த வேலையையும் தொடங்குங்கள். ஆதாரில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் கணினி தள்ளிவிடும்.

தமிழ்நாடு அரசின் ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் விதைக்கும் களர் நிலச் சீர்திருத்தத்துக்கும் இடம் உண்டு. ஒதுக்கீடு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், சீக்கிரம் தீரும். ஏப்ரல் பிறந்ததும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரைப் பார்த்துப் பெயர் கொடுங்கள், உழவன் செயலியிலும் பதியுங்கள். ஒப்புதல் வருமுன் கடையில் வாங்கிவிட்டுப் பின்னால் ரசீதைக் காட்டி மானியம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

4. வரப்பும் வடிகாலும்

1 அடி ஆழ மண்ணில் கரைந்திருக்கும் உப்பில் பெரும்பகுதியைக் கீழே தள்ள, ஏறத்தாழ 1 அடித் தண்ணீர் அந்த மண் வழியாக இறங்க வேண்டும். 1 ஏக்கருக்கு அது 12 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் என்றால் 100 நடை. விலை கொடுத்து முடியாது. நம் பக்கம் ஆண்டுக்கு 850 மி.மீ. அளவில் மழை. 1 மி.மீ. மழை ஏக்கருக்கு 4,000 லிட்டர். செப்டம்பர், அக்டோபரில் கனமாகப் பெய்வதை ஓடவிடாமல் பிடித்தாலே கணக்கு நேராகும்.

அதற்குச் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டு, நிலத்தைச் சிறு சிறு பாத்தியாகப் பிரியுங்கள். பாத்திக்குள் மட்டம் சரியாக இருக்க வேண்டும். மேடு இருந்தால் மேட்டில் உப்பு தங்கிவிடும்; வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் அந்த மேடுகள்தான்.

அடியில் இறுகிய தட்டு இருக்கிறதா என்று ஓர் அடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதல் தண்ணீர் வற்றியதும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். ஒரு நாள் கழித்தும் நின்றால், உளிக்கலப்பை போட்டு ஒன்றரை அடி ஆழத்துக்கு, அரை மீட்டர் இடைவெளியில் கீற வேண்டும். உளிக்கலப்பை மண்ணைப் புரட்டாது, கீறும். சட்டிக்கலப்பையால் ஆழமாகப் புரட்டினால் அடியில் இருக்கும் கெட்ட மண் மேலே வந்துவிடும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரம் தனியாரைவிட மலிவு; ஆனால் மழைக்கு முன் எல்லோரும் கேட்பார்கள், மார்ச்சிலேயே பதிந்துவிடுங்கள்.

அடியில் பாறை 2 அடியிலேயே தட்டினால் உப்பு போக இடம் இல்லை. தாழ்ந்த பக்கமாக 2 அடி ஆழத்தில் வடிகால் வாய்க்கால் வெட்டி வெளியே விடுங்கள். அந்தத் தண்ணீரைப் பண்ணைக்குட்டையில் சேர்த்து மறுபடி பாய்ச்சாதீர்கள், பக்கத்துக் காட்டுக்கும் திருப்பாதீர்கள்.

5. ஜிப்சம், களருக்கு மட்டும்

வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் தண்டச்செலவு. களருக்கு ஆய்வறிக்கையில் சொன்ன ஜிப்சம் தேவையில் பாதியைப் போட்டு, மீதியைப் பசுந்தாளும் தொழுவுரமும் பார்த்துக்கொள்ளும்படி விடுவது வழக்கம். அறிக்கை ஹெக்டேர் கணக்கிலா ஏக்கர் கணக்கிலா என்று பாருங்கள். ஹெக்டேர் அளவை ஏக்கருக்கு வாங்கிப் போட்டால் இரண்டரை மடங்கு செலவு.

ஜிப்சம் மெதுவாகக் கரைவது; லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவுதான். 1 டன் கரைய 4 லட்சம் லிட்டர், அதாவது 100 மி.மீ. மழை வேண்டும். காய்ந்த மண்ணில் கொட்டிவிட்டு ஒரு மாதத்தில் பலன் கேட்க முடியாது. கோடை மழைக்குச் சற்று முன் தூவி, மேல் 4 அங்குலத்துக்குள் கலந்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு பிடித் தூளில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். விடாமல் நுரைத்தால் அது சுண்ணாம்புத் தூள். பிஎச் உயர்ந்த நிலத்தில் அது தானாகக் கரையாது.

6. எந்த எரு, எவ்வளவு

நன்கு மக்கிய தொழுவுரம் 5 டன். டிராக்டர் டிப்பரில் 2 முதல் 3 டன் பிடிக்கும் என்பதால் இரண்டு, மூன்று நடை ஆகும். மக்காத சாணம் வேண்டாம்.

கரும்பாலைக் கழிவான பிரஸ்மட், கந்தக முறையில் சாறு தெளிய வைக்கும் ஆலையில் வந்ததாக இருந்தால் களருக்கு நல்லது; அதில் கால்சியமும் கந்தகமும் இருக்கின்றன. கார்பனேட் முறை ஆலையின் கழிவில் சுண்ணாம்புதான் மிகுதி, அது வேண்டாம். எந்த முறை என்று கேட்டே வாங்குங்கள். புதிதாக வந்தது சூடு கிளப்பும். இரண்டு, மூன்று மாதம் மக்கவிட்டு 4 டன் போடலாம்.

தென்னைநார்க் கழிவைப் பச்சையாகப் போட்டால் பயிர் மஞ்சளித்துப் போகும். 1 டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் ஒன்றரை கிலோ சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகத் தூவி, ஈரம் காத்து, இரண்டு மாதம் மக்கவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கோழி எரு மலிவாகக் கிடைக்கிறது என்று முதல் ஆண்டில் கொட்டாதீர்கள். அதிலேயே உப்பு அதிகம். அடுப்புச் சாம்பலும் சீமைக் கருவேலக் கரியும் காரத்தன்மை கொண்டவை. களருக்கு இரண்டும் ஆகாது. கரி நல்லது என்று பொதுவாகச் சொல்வது அமில மண்ணை மனதில் வைத்து.

7. தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் பயிர்

இந்த முழு வேலையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உப்பையும் களரையும் தாங்கும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், ஆணிவேர் இறுகிய மண்ணைத் துளைத்து இறங்கும். வேர் மட்கியபின் அந்தத் துளை வழியாகத்தான் மழை இறங்கும்.

விதை 20 கிலோ. கிலோ 100 ரூபாயை ஒட்டி விற்கும்; வேளாண்மைத் துறையில் மானிய விலைக்குக் கேட்டுப் பாருங்கள். விதைத்தோல் கெட்டி, இரவு முழுதும் ஊறவைத்து விதையுங்கள். மே கடைசி அல்லது ஜூனில், ஒரு நல்ல மழை கிடைத்து மண் நனைந்தபின் விதைக்க வேண்டும். தூறலை நம்பிப் போட்டால் முளைத்துக் கருகும்.

மடக்கி உழுவது 45-ஆம் நாள், பூ எடுக்குமுன். 60 நாள் விட்டால் தண்டில் நார் ஏறிவிடும். மட்க நாளாகும், அடுத்த பயிருக்கு வேண்டிய தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மடக்கும் அன்று மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். 45-ஆம் நாள் வறட்சியாக இருந்தால் உழாதீர்கள். அடியோடு அறுத்து அங்கேயே மூடாக்காகப் பரப்பி, அடுத்த மழையில் உழுங்கள். நல்ல ஈரத்தில் 8 டன் வரை தழை வரும், மானாவாரியில் பாதி கிடைத்தாலும் போதும். மடக்கி மூன்று வாரம் கழித்தே அடுத்த விதைப்பு.

பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கத்து மேட்டுச் செம்மண்ணில், உப்பு லேசாக இருந்து ஈரம் நிற்காத இடத்துக்குக் கொழுஞ்சி பொருந்தும். ஆடு, மாடு அதிகம் கடிக்காது என்பது பெரிய வசதி. விதையை 55 டிகிரி சுடுநீரில் 2, 3 நிமிடம் நனைத்தோ மணலோடு தேய்த்தோ போட்டால்தான் முளைக்கும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் வெந்துபோகும்.

8. உயிர் உரம்

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 4 பொட்டலம் (200 கிராம் உடையது), 10 கிலோ தொழுவுரம், 10 கிலோ மண்ணோடு கலந்து, மாலையில், ஈர மண்ணில் தூவுங்கள். வேர் உட்பூசணம் கிடைத்தால் விதை விழும் சாலில் இடுங்கள். உப்பு மண்ணில் வேர் தண்ணீரும் மணிச்சத்தும் எடுக்க அது உதவும். ரசாயன உரத்தோடு கலக்காதீர்கள். உற்பத்தித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்; வெயில் படும் அலமாரியில் இருந்த பாட்டில் வேண்டாம். எருவும் ஈரமும் இல்லாத மண்ணில் இவை பிழைக்காது, எனவே இது பசுந்தாளுக்கு அப்புறம்தான்.

ஜீவாமிர்தம் (சாணம், கோமியம் ஊறவைத்த கரைசல்) தயாரிப்பவர்கள் போர் தண்ணீரை விட்டு மழைத் தண்ணீரில் கரையுங்கள். பசுந்தாள் மடக்கிய கையோடு 200 லிட்டர் ஊற்றினால் மட்குவது வேகமாகும். உப்பை அது குறைக்காது.

9. முதல் பயிர், மூடாக்கு

முதல் ஆண்டில் தக்காளி, வெங்காயம், பீன்ஸ், துவரை வேண்டாம். இவை உப்புக்கு உடனே தளர்ந்துவிடும். நிலக்கடலையும் அவ்வளவாகத் தாங்காது. கேழ்வரகு, கம்பு, சோளம், பருத்தி இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கேழ்வரகில் திருச்சி 1 களருக்கென்றே சொல்லப்படும் ரகம். விதையைக் கால் பங்கு கூட்டிப் போடுங்கள். பார் பிடித்தால் உச்சியில் விதைக்காமல் பக்கச் சரிவில் விதையுங்கள். ஈரம் ஆவியாகும்போது உப்பு உச்சிக்குத்தான் ஏறும். களர் நிலத்தில் துத்தநாகச் சத்து பயிருக்கு எட்டாது, துத்தநாக சல்பேட் 10 கிலோ கொடுங்கள்.

அறுவடை முடிந்ததும் நிலத்தை வெறுமனே விடாதீர்கள். மழை இறக்கிய உப்பை ஜனவரி முதல் அடிக்கும் வெயில் மறுபடி மேலே இழுத்துவிடும். கரும்புச் சோகை, வைக்கோல், புங்கம், எருக்கு, கிளைரிசிடியாத் தழை, எது கிடைத்தாலும் 2 டன் அளவுக்குப் பரப்புங்கள்.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் சொட்டுநீரில் காய்கறி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சொட்டுநீர் உப்பை ஈரவட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளி வைக்கும். லேசான மழை வந்தால் அந்த உப்பு நேராக வேருக்கு வரும். தூறல் விழும்போது மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். கனமழை பிடித்தபின் நிறுத்தலாம்.

10. செலவும் காலமும்

பெரிய செலவு எருவும் அதன் வண்டிவாடகையும். அடுத்தது ஜிப்சம், உழவு. விதையும் உயிர் உரமும் சொற்பம். பணம் இறுக்கமாக இருந்தால் நிலம் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவாதீர்கள். அரை ஏக்கரை எடுத்து முழு அளவில் செய்து, மீதியில் தக்கைப்பூண்டும் வரப்பும் மட்டும் போடுங்கள்.

உவர் நிலம் நல்ல மழை கிடைத்தால் ஓரிரு பருவத்தில் திரும்பும். களருக்கு மூன்று ஆண்டு, ஆண்டுதோறும் பசுந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த ஆண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

11. மறுசோதனை

அடுத்த பிப்ரவரியில், அதே இடங்களில், அதே மூன்று ஆழத்தில், அதே ஆய்வகத்தில். 0-15-இல் ஈசி குறைந்து 30-60-இல் கூடியிருந்தால் உப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது; அதே வேலையைத் தொடருங்கள். மேலே குறையாமல் அடியிலும் கூடாமல் இருந்தால் தண்ணீர் இறங்கவில்லை, 4-ஆம் படிக்குத் திரும்புங்கள். மேலே ஈசி குறைந்து பிஎச் மட்டும் ஏறியிருந்தால், கரைந்த உப்பு போய் ஒட்டிய சோடியம் தங்கிவிட்டது. மண் முன்னைவிட இறுகும். அடுத்த மழைக்கு முன் ஜிப்சம் தேவையைச் சோதித்துப் போட்டுவிடுங்கள்.